134-ஆம் இடம் மட்டமா?

"முதல்ல வராத பொம்பளப் பிள்ளைக்கு விளையாட்டு எதுக்குக்கா?" சிவகாசியில் எங்கள் தெருவில் இப்படிக் கேட்காதவர் இல்லை. நானும் மகளின் டென்னிஸ் மட்டையைப் பரணில் போட்டவள்தான்.

கோவைப் பெண் நிருபமா வைத்தியநாதனைப் பற்றிப் படித்ததும் வெட்கமாகிவிட்டது. அப்பாவிடம் ஆட்டம் பயின்றவர். உலக வரிசையில் அவர் எட்டிய உயர்ந்த இடமே 134. ஆனாலும் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிசிகினியை வென்றார். 1968-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் வாசல் திறந்த பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவரே! அதே வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் வெண்கலம். தாயான பிறகும் 2010-இல் இந்தியாவுக்காக ஆடினார்.

ஆயிரம் வாலாச் சரத்தில் 134-ஆவது வெடிக்கு மட்டும் சத்தம் குறைவா என்ன? நேற்று மட்டையை இறக்கித் தூசி தட்டி மகளிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்கள், சகோதரிகளே!