எறியும் கையும் களைக்கும் தசையும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர்

"கைப்பந்து" என்றதும் நம்மில் பலருக்கு வாலிபால்தான் நினைவுக்கு வரும். வலைக்கு மேலே பந்தை அடிக்கும் ஆட்டம் அது. நான் எழுத வந்தது, ஓடிச் சென்று பந்தைக் கோலுக்குள் எறியும் ஆட்டத்தைப் பற்றி. பெயர்க் குழப்பம் நேராதிருக்க அதை ஹேண்ட்பால் என்றே குறிப்பிடுகிறேன்.

டென்மார்க் நாட்டு ஆசிரியர் ஹோல்கர் நீல்சன் 1906ஆம் ஆண்டில் இவ்வாட்டத்திற்கு விதிகளை வெளியிட்டார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அணிக்குப் பதினொருவராகப் புல்வெளியில் ஆடினர். எழுவர் ஆடும் உள்ளரங்க ஆட்டம் 1972இல் மியூனிக்கில் ஒலிம்பிக்கில் நுழைந்தது; 1976இல் மகளிரும் ஆடினர். 1982ஆம் ஆண்டு புதுதில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் ஹேண்ட்பால் இடம்பெற்றது.

ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முதற் பாதியில் கோல் மேல் கோல் போட்டவர், இரண்டாம் பாதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் பந்தைக் கம்பத்தில் அடிப்பார். அல்லது நேராகக் கோல் காப்பாளர் கையிலேயே கொடுப்பார். "கையிலே தெம்பு இல்லை; இன்னும் வேகமாக எறி!" என்று வெளியிலிருந்து குரல் எழும். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு எறிவார். அடுத்த வாரம் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். அந்தத் தெம்பு எங்கே போயிற்று? அது கையில்தான் இருந்ததா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எறிதலின் கணக்கு

ஆடவர் பந்தின் எடை 425 முதல் 475 கிராம் வரை. 450 கிராம் பந்தை ஒருவர் வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எறிவதாகக் கொள்வோம். அப்போது பந்தின் இயக்க ஆற்றல் சுமார் 140 ஜூல். ஒன்பது மீட்டர் தொலைவிலிருந்து எறிந்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், பந்து கோலை அடைய 0.36 வினாடி ஆகும். களைப்பினால் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 0.40 வினாடி ஆகும். வித்தியாசம் ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆயினும் காப்பாளரின் கை பந்தைத் தொடுவதற்கு அது போதும்.

வீச்சு வலை கற்பிக்கும் பாடம்

இந்த ஆற்றல் முழுவதும் கையிலிருந்தே வருவதன்று. அடையாறு முகத்துவாரத்தில் வீச்சு வலை எறிபவரைப் பார்த்தால் இது விளங்கும். அவர் கையை மட்டும் வீசுவதில்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, மார்பைச் சுழற்றிய பிறகே கையை விடுகிறார். வலை வட்டமாக விரிகிறது. ஹேண்ட்பால் எறிதலும் இவ்வாறே. காலில் தொடங்கும் விசை இடுப்புக்கும், முதுகுக்கும், தோளுக்கும், முழங்கைக்கும், மணிக்கட்டுக்கும் சங்கிலிபோல் ஏறி வருகிறது. ஓடி ஓடிக் கால் களைத்துவிட்டால் சங்கிலியின் முதற்கண்ணி தளர்கிறது. அந்தக் குறையை ஈடுசெய்யும் பளு தோளின்மேல் விழுகிறது. "இன்னும் வேகமாக எறி" என்ற கட்டளையைக் கடைசியில் தோள் ஒன்றே தனியாகச் சுமக்கிறது.

தோளின் அமைப்பு

உடலில் மிக அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு தோள்மூட்டு. அந்தச் சுதந்திரத்திற்கு அது கொடுக்கும் விலை உறுதி. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில், சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல அமர்ந்திருக்கிறது. அது நழுவாமல் நான்கு சிறு தசைகள் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன.

எறியும்போது மார்புத் தசையும் முதுகின் பெருந்தசையும் கையை முன்னோக்கி உள்பக்கமாகச் சுழற்றுகின்றன. இவை இயந்திரம் போன்றவை. பந்து கையைவிட்டுப் போனபின் அதே வேகத்தில் செல்லும் கையை நிறுத்துவது யார்? தோளின் பின்புறத்திலுள்ள சிறு தசைகள். இவையே பிரேக். இழுபட்டுக்கொண்டே எதிர்த்து நிற்க வேண்டிய கடினமான வேலை இவற்றினுடையது. நாம் "தோள் பலம்" என்று தண்டால் எடுக்கிறோமே, அது பெரும்பாலும் முன்புறத்தையே வளர்க்கிறது. இயந்திரத்தைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய பிரேக்கையே வைத்திருக்கும் பேருந்தில் யார் ஏறுவார்கள்?

களைப்பு என்பது என்ன?

தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தருகிறது. அதன் கையிருப்பு சில வினாடிகளுக்கே போதும். உடனே அதை நிரப்புவது கிரியேட்டின் பாஸ்பேட். முழு முயற்சியில் அதுவும் சுமார் பத்து வினாடிகளில் பெரிதும் தீர்ந்துவிடும். அரை நிமிட ஓய்வில் ஏறத்தாழப் பாதி மீளும். முழுமையாக மீளச் சில நிமிடங்கள் வேண்டும்.

பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர்கள் 1907இல் தவளைத் தசையை ஆராய்ந்து, களைத்த தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினர். அதனால் நெடுங்காலம் அந்த அமிலமே குற்றவாளி எனக் கருதப்பட்டது. இன்றைய அறிவியல் அவ்வாறு கூறவில்லை. லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. தசைக்குள் பாஸ்பேட் சேர்வதும், சுருங்கும்படி ஆணையிடும் கால்சியத்தின் வெளியீடு குறைவதும் களைப்பின் முக்கியக் காரணங்கள்.

மூளைக்கும் இதில் பங்குண்டு. இத்தாலிய அறிஞர் ஆஞ்சலோ மோசோ, 1891இல் வெளிவந்த தம் நூலில், வாய்மொழித் தேர்வு நடத்திக் களைத்த ஒருவரின் விரல் பளுவைத் தூக்கும் திறன் குறைந்ததை விவரித்தார். தேர்வு மாணவரை மட்டும் களைக்க வைப்பதில்லை என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் ஒப்புக்கொள்வார்கள்!

களைத்த தோளுக்கு இன்னொரு குறையும் நேர்கிறது. கை எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வு மங்குகிறது. எனவேதான் வேகத்தோடு குறியும் தவறுகிறது.

நாம் செய்யக்கூடியது

நார்வே நாட்டில் 45 முன்னணி அணிகளைச் சேர்ந்த 660 ஆட்டக்காரர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளியாயிற்று. ஒரு சாரார், ஆட்டத்திற்கு முன் உடலைச் சூடேற்றும் நேரத்தில், வாரம் மூன்று முறை பத்து நிமிடம் தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி செய்தனர். அவர்களுக்குத் தோள் தொல்லை நேரும் வாய்ப்பு 28 விழுக்காடு குறைந்தது.

அப்பயிற்சியின் அடிப்படைக்குப் பெரிய கருவிகள் வேண்டா. பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பி டியூபை இழுங்கள். பிறகு மெதுவாக விடுங்கள். அந்த மெதுவாக விடுவதில்தான் பின்புறத் தசை பிரேக் போடக் கற்கிறது. காலுக்கும் இடுப்புக்கும் தனியே பயிற்சி தேவை.

இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். களைத்தவரைச் சில நிமிடம் உட்கார வைப்பது தண்டனையன்று. கிரியேட்டின் பாஸ்பேட் மீள்வதற்குத் தரும் அவகாசம். வலியோடு எறிவது வீரமன்று. வலி நீடித்தால் அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இன்று நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920ஆம் ஆண்டில் தொடங்கினார். உடற்பயிற்சி கற்றுத் தேற வேண்டிய ஒரு கல்வி என்னும் எண்ணம் நம் நகருக்கு நூறாண்டு பழையது. ஆயினும் நம் மைதானங்களில் "இன்னும் வேகமாக" என்ற ஒரே பாடந்தான் பல நேரங்களில் நடக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத் தோள் என்பது ஓர் உறுப்பு மட்டுமன்று. படிப்புக்கும் வேலைக்கும் திறந்த கதவு. அதைக் காக்கப் பத்து நிமிடமும் ஒரு சைக்கிள் டியூபும் போதும் என்று அறிவியல் கூறும்போது, அதைச் செய்யாதிருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். நம் தோள்களைக் காப்போம். பிறகு கோல்களை எண்ணுவோம்.