முள்வால் பல்லியும் அதன் வாழிடமும்

மாணவர்களே, தர்மபுரத்தில் உச்சிவெயில் ஏறியதும் வேலியில் இருந்த ஓணான் நிழலுக்குப் போய்விடுவதைக் கண்டிருப்பீர்கள். ஊர்வன தமது உடல் வெப்பநிலையை மாறாது பேண முடியாதவை. வெயிலுக்கும் நிழலுக்கும் இடம் மாறியே அதனைச் சீர்செய்கின்றன. அப்படியாயின், மரங்கள் மிகக் குறைந்த பாலைவனத்தில் ஒரு பல்லி எவ்வாறு வாழ்கின்றது? இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பரந்துள்ள தார்ப் பாலைவனத்தின் முள்வால் பல்லி இதற்கு நல்ல உதாரணமாகும். இதன் விஞ்ஞானப் பெயர் சாரா ஹார்ட்விக்கி.

வாழிடம்

தார்ப் பாலைவனத்தில் மழை குறைவு; கோடை வெப்பம் மிக அதிகம். 2016 மே 19 அன்று இராஜஸ்தானின் பலோடியில் 51 பாகை செல்சியஸ் பதிவானது. பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளே நினைவுக்கு வரும். ஆனால் இப்பல்லி தளர்ந்த மணலைத் தவிர்த்து, வளை தோண்டக்கூடிய இறுகிய தரையிலேயே கூட்டமாக வாழ்கின்றது.

இசைவாக்கங்கள்

1. வளை: ஒவ்வொரு பல்லியும் தனக்கென வளை தோண்டும். உள்ளே சென்றபின் வாயிலை மண்ணால் அடைக்கும். இதனால் வெப்பத்திலிருந்தும் எதிரிகளிடமிருந்தும் தப்புகின்றது.
2. உணவு: புல், இலை, பூ என்பவற்றை உண்ணும் தாவரவுண்ணி. தேவையான நீரின் பெரும்பகுதி உணவிலிருந்தே கிடைக்கின்றது.
3. வால்: முட்கள் வரிசையாக அமைந்த தடித்த வால், எதிரியை அடித்து விரட்ட உதவுகின்றது.
4. குளிர்கால உறக்கம்: குளிர்காலத்தை வளைக்குள் உறங்கிக் கழிக்கும். உடலில் சேமித்த கொழுப்பே அப்போது சக்தியை வழங்குகின்றது.

உணவுச் சங்கிலியில் இடம்

புல் → முள்வால் பல்லி → பாலைவன நரி. கழுகு, வல்லூறு போன்ற பறவைகளுக்கும் இது இரையாகின்றது.

எதிர்நோக்கும் ஆபத்து

நரியிடமிருந்து காக்கும் வளை மனிதனிடமிருந்து காப்பதில்லை. வளை வாயிலைக் கண்டு தோண்டிப் பிடிக்கின்றனர். இதன் கொழுப்பில் எடுக்கும் எண்ணெய் நோய் தீர்க்கும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையே இதற்கு முக்கிய காரணம். மேலும், இந்திரா காந்தி கால்வாய் நீரால் பாலைநிலம் வயலானபோது, உழப்பட்ட நிலத்தில் வளைகள் அழிந்தன. மக்களுக்கு நன்மை தந்த நீரே இப்பல்லியின் வாழிடத்தைச் சுருக்கியது. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடைசெய்கின்றது. எனினும் வாழிடம் அழிந்தால் சட்டத்தால் மட்டும் இனத்தைக் காக்க முடியாது.

கவனிக்க: இசைவாக்கத்தை எழுதும்போது அதன் பயனையும் சேர்த்து எழுதுக.

பயிற்சி

1. முள்வால் பல்லியின் இசைவாக்கங்கள் இரண்டினையும் அவற்றின் பயனையும் தருக.
2. பாலைநிலம் வயலாவதால் பாலைவன நரிக்கு ஏற்படக்கூடிய விளைவு ஒன்றை விளக்குக.
3. உமது ஊரில் காடு வெட்டப்படுவதால் வாழிடம் இழக்கும் ஊர்வன இரண்டைக் குறிப்பிடுக.