குப்பைமேட்டில் கீரைப் பாத்தி

எங்கள் கலசப்பாக்கத்தில் தெருவில் நின்றாலே பர்வதமலை தெரியும். ஜவ்வாது மலையில் பிறக்கிற செய்யாறு ஊரை ஒட்டித்தான் போகிறது. இருந்தும் கோடையில் அதில் மணலைத்தான் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஊரில் தண்ணீர் வசதியில்லாத காலனியின் ஓரத்தில் தோட்டம் போட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள், எங்கள் நிலத்தில் களை எடுக்க வருகிறவள் கண் கலங்கி நின்றாள். நான்கு மாதம் முழுகாமல் இருந்த அவள் மகளுக்கு ரத்தம் எட்டுக்குக் கீழே என்று நர்ஸ் சொல்லிவிட்டாராம். "தினம் கீரை துன்னச் சொல்றாங்கம்மா. கட்டுக் கீரை விக்கிற விலைக்குத் தினம் எங்கேந்து வாங்கறது?" என்றாள். அது அவள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது.

காலனிக் கோடியில் குப்பை கொட்டும் புறம்போக்கு ஒன்று உண்டு. அதைத் தோட்டமாக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. என் கணவர், "உனக்கேன் இந்த வேலை?" என்றார். நான் கேட்பேனா! விதை வாங்கினேன், மண்வெட்டி வாங்கினேன், காலை ஆறு மணிக்கு எல்லோரும் வரவேண்டும் என்று உத்தரவும் போட்டேன். முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். மறுவாரம் நான் மட்டும்தான். முளைத்ததை ஆடு தின்றது, மிச்சம் காய்ந்தது.

கோபத்தோடு போய்க் கேட்டேன். அவள் பதறாமல் சொன்னாள்: "ஆறு மணிக்கு நாங்க நடவுக்குப் போயிருப்போம்மா. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை.

அடுத்த ஆடியில் அவர்களே கூடிப் பேசினார்கள். சாயங்காலம் ஐந்து மணி, ஒன்பது பேர், ஆளுக்கொரு பாத்தி. ஓரத்தில் முருங்கையும் அகத்தியும் பப்பாளியும் பொது. இதற்கு முன்னால் ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, அனுமதியைத் தாளில் வாங்கிக்கொண்டோம். வாய் வார்த்தையை நம்பாதீர்கள், சகோதரிகளே! இடம் சுத்தமான மறுமாதமே ஒருவர் அங்கே வைக்கோல் போர் போட வந்துவிட்டார். அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

குப்பை கிடந்த மண்ணில் நேராக விதைப்பதும் தப்பு. கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கிவிட்டு, ஏரி வண்டலும் தொழு எருவும் கலந்து ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினோம். வேலிக்கு ஆடாதொடைக் குச்சி. பேரிலேயே இருக்கிறதே, ஆடு தொடாது! இலை இருமல் கஷாயத்துக்கும் ஆயிற்று. முருங்கைக்கு மூன்றடிப் போத்தை நட்டு, நுனியில் சாணி அப்பினால் போதும். கைபம்பில் வழிகிற தண்ணீரைப் பப்பாளிக்குத் திருப்பினோம். கீரைக்கு அது வேண்டாம், குடத்துத் தண்ணீர்தான். சிறுகீரை இருபத்தைந்தாம் நாளே கைக்கு வந்துவிடும், அதனால் முதலில் அதைப் போடுங்கள். பலனைச் சீக்கிரம் பார்த்தால்தான் ஆள் நிற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு செடியை முற்றவிட்டு விதை எடுத்து வைக்கிறார்கள். இப்போது கடையில் விதை வாங்குவதில்லை.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. நியூயார்க் நகரில் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணி 1973ல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, குப்பை குவிந்த காலி மனையைத் தோட்டமாக்கினார். அது இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீ மூலம் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள்.

சண்டை வராமலா? பொதுப் பப்பாளியை யாரோ இரவில் பறித்ததற்கு இரண்டு வாரம் பேச்சுவார்த்தை நின்றது. மிஞ்சின கீரையை விற்ற காசுக்குக் கணக்கு நோட்டு போட்ட பிறகுதான் முணுமுணுப்பு அடங்கியது. ஒன்பதில் இரண்டு பேர் விலகிப் போனார்கள். புதிதாக மூவர் வந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம். அதற்குள் ரத்தம் பத்தைத் தாண்டியிருந்தது. கீரை மட்டும் அதைச் செய்யவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டாள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. இந்த டீ விஷயத்தில் அவளைத் திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் வீட்டு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் அங்கிருந்து அரைக்கீரை கொண்டு வந்தபோது, "குப்பைமேட்டுக் கீரையை நம்ம அடுப்புல ஏத்தாதே" என்றார் என் மாமியார். குப்பைமேடு என்று அவர் சொன்னாலும், மனதில் வைத்திருந்தது வேறு என்று எனக்குத் தெரியும். அன்று தனியாகக் கடைந்து நானும் பிள்ளைகளும்தான் சாப்பிட்டோம்.

போன ஐப்பசியில் அவரே கேட்டார்: "அங்க வேலியில முடக்கத்தான் படர்ந்திருக்காமே? முழங்கால் வலிக்கு தோசை வார்க்கலாம்."

அன்று சாயங்காலமே அவள் மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்று அத்தை சொல்லவில்லை. நான் சொன்னேன். வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அத்தை முறத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். இருவருமாக இலையை ஆய்ந்தார்கள்.