வீட்டிலே ஒரு படகு

'கட்டுமரம்' என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆகி உலகெங்கும் வழங்குகின்றது. கயிற்றால் கட்டிய மரங்களே கட்டுமரம். அலை மேலேறினாலும் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். மரம் தன் இலேசினாலேயே மிதக்கும். தமிழக மீனவர்கள் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தியது அந்த இலேசைக் காப்பதற்கே.

நாம் இங்கு விளக்கப்போகும் 'கயாக்' என்னும் சிறு படகு வேறு வகையானது. மரம் வளராத கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள், கடலில் ஒதுங்கிய கட்டைகளால் கூடு செய்து, அதன்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்தினர். சட்டை தைப்பதுபோல் உரியவரின் உடலளவுக்கே செய்தனர். அதே வடிவத்தை இன்று பலர் மரக்கீற்றுகளால் வீட்டிலேயே செய்கின்றனர்.

முதலில் ஒட்டுப்பலகையில் அச்சுகள் வெட்டி, நேரான ஓர் உத்திரத்தின் மேல் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்துவர். அச்சின் விளிம்பில் ஒட்டுநாடா சுற்றுதல் வேண்டும். மறந்தால் படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும்! பின்பு 6 மில்லிமீட்டர் தடிப்பும் 2 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு வளைத்துப் பொருத்துவர். ஒரு கீற்றின் விளிம்பு குவிந்தும் மற்றதன் விளிம்பு குழிந்தும் இருப்பதால் வளைவிலும் இடைவெளி விழாது. உப்புத்தாளால் தேய்த்தபின், உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணியை விரித்து எப்பாக்சி பிசின் பூசுவர். மெல்லிய கீற்றுக்கு வலிமை தருவது இந்தப் போர்வையே.

நம் நாட்டின் வெப்பத்தில் பிசின் கலயத்திலேயே விரைந்து இறுகும். சிறிது சிறிதாகவே கலக்குதல் நன்று. ஈரக்காற்றில் மேலே வழுவழுப்பான படலம் படியக்கூடும்; அதை நீரால் கழுவி உலர்த்திய பின்னரே அடுத்த பூச்சு. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். இவ்வேலை பெரியவர்களுக்கே உரியது.

திரங்கானு டுயோங் தீவின் தச்சர்களுக்கோ அச்சே தேவைப்படவில்லை. வரைபடமும் இன்றிச் செங்கால் மரப்பலகைகளை மர ஆணிகளால் இணைத்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்து, பலகைகள் எழும்பிய பின்னரே உள்ளே விலாச்சட்டங்களைப் பொருத்தினர். அந்தக் கண்ணளவு நமக்கு வாராது.

தோட்டத்துப் பெரியவர்கள், "பால்மரம் ஆகாதா?" என வினவலாம். நாற்காலி மேசைக்கு ஆகும், நீரில் ஆகாது. பூஞ்சணமும் பூச்சியும் அதனை எளிதில் பற்றும். இலேசான சிவப்பு மெராந்தி பொருந்தும். பங்சாரின் அடுக்குமாடியில் ஐந்து மீட்டர் இடம் தேடுவதுதான் மரம் தேடுவதினும் கடினம்!

படகு 20 கிலோவும் அமர்பவர் 70 கிலோவும் எனில், அது 90 லிட்டர் நீரை விலக்கினால் மிதக்கும். உள்ளே நீர் புகுந்தாலோ, கட்டுமரம்போல் அது வடியாது. எனவே முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து, நீர் புகாத இரு காற்றறைகள் அமைத்தல் வேண்டும். அழகுக்காக எத்தனை நாள் தேய்த்தாலும், இவ்வறைகள் இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்ற நாம் உடன்படோம்.

முதல் நாள், உரிய அனுமதி பெற்ற அமைதியான ஏரியில், இடுப்பளவு நீரில், மிதவைச்சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். கிள்ளான் ஆற்றில் இறக்குதல் கூடாது. மழை பெய்தால் அதன் நீர் திடீரென உயரும்.