“ஓம்” என்னும் மறுமொழி



மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என்பது வள்ளுவர் கண்ட முடிபு. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவன் என்பவையே அந்நான்கு. நான்காவதாகச் சொல்லப்பட்டவரையே இன்று நாம் தாதி என்கின்றோம். வைத்தியர் நோயாளியின் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்களே. எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவர் தாதிதான். ஆகவே, தாதியின் சொல் நோயாளியிடம் எவ்வாறு சென்று சேருகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை செய்வதற்கு ஏற்பாடாகியிருந்தது. முதல்நாள் மாலை ஒரு தாதி வந்து, “அம்மா, இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது. விளங்கியதோ?” என்று கேட்டார். “ஓம் பிள்ளை” என்றார் தாயார். அருகில் நின்ற நானும் தலையசைத்தேன். மறுநாள் விடியற்காலையில், துணைக்கு நின்ற என் தங்கை பால் விட்ட தேநீர் வாங்கிக் கொடுத்தாள், தாயார் குடித்தார். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர், “காலையில் ஏதாவது குடித்தீர்களா?” என்று வினாவிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. சத்திரசிகிச்சை அன்று நடைபெறவில்லை.

இதில் பிழை யாருடையது? தாதி தம் கடமைப்படி சொன்னார். தாயாரும் சொன்னபடியே நடந்தார். எங்கள் பேச்சு வழக்கில் சோறும் பிட்டும் இடியப்பமுமே சாப்பாடு. தேநீரை யாரும் சாப்பிடுவதில்லை, குடிக்கின்றோம். தாதி “சாப்பிடக் கூடாது” என்றபோது வாய்வழியாக எதுவுமே உட்செல்லலாகாது என்று கருதினார். தாயார் கொண்ட பொருள் வேறு. மயக்க மருந்தின் வயப்பட்டவருக்கு இருமவும் விழுங்கவும் உள்ள இயல்பான ஆற்றல் தளர்ந்துவிடும். அவ்வேளையில் இரைப்பையில் உள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குள் இறங்குமாயின் உயிருக்கே இடர் நேரலாம். அந்த வைத்தியர் தாமாக இன்னொரு முறை கேட்டிராவிடில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் என் நெஞ்சு பதைக்கின்றது.

“ஓம்” என்ற சொல்லை ஆசிரியனாகிய நான் நன்கறிவேன். பாடம் முடிந்ததும், “விளங்கியதா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் “ஓம்” என்னும். விடைத்தாள்களைத் திருத்தும்போதுதான் அந்த “ஓம்” எத்தகையது என்பது தெரியவரும். வைத்தியசாலையிலும் இதுவே நிலை. தாதியின் அவசரத்தைக் கண்டு சிலர் “ஓம்” என்பர். திருப்பிக் கேட்டால் நேர்ஸ் ஏசுவாவோ என்று அஞ்சிச் சிலர் “ஓம்” என்பர். படிப்பறிவில்லாதவர் என்று எண்ணிவிடுவார்களே என்று கூசிச் சொல்வாரும் உளர். ஆகவே “ஓம்” என்பது பெரும்பாலும் மரியாதையின் அடையாளமேயன்றி, விளங்கியதன் அடையாளம் அன்று.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பல நாடுகளில் தாதியர்க்கு அதனைப் பயிற்றுவிக்கின்றனர். “விளங்கியதா?” என்று கேளாமல், நோயாளியையே தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வதே அவ்வழி. “நாளை விடியற்காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், அம்மா?” என்று அந்தத் தாதி கேட்டிருந்தால், “முகம் கழுவித் தேத்தண்ணி குடிப்பன்” என்று தாயார் சொல்லியிருப்பார். பிழை அப்பொழுதே திருந்தியிருக்கும். கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். “நான் சரியாகச் சொன்னேனோ தெரியவில்லை, ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம்” என்றால் நோயாளிக்குத் தம்மைச் சோதிக்கின்றார்கள் என்ற எண்ணம் தோன்றாது.

வீட்டுக்கு அனுப்பும்போது இம்முறை இன்னும் இன்றியமையாதது. “சாப்பாட்டுக்குப் பின் ஒரு குளிசை” என்று சொல்லியனுப்பப்பட்ட நீரிழிவு நோயாளி கந்தசஷ்டி விரத நாளில் என்ன செய்வார்? உணவை விட்டுக் குளிசையை மட்டும் விழுங்கினால், சிலவகைக் குளிசைகளால் இரத்தத்திற் சீனி அளவுமீறிக் குறைந்து மயங்கி விழவும் கூடும். நோன்பு நோற்கும் முஸ்லிம் அன்பர்களுக்கும் இது பொருந்தும். “விரதம் பிடிப்பீர்களா?” என்ற ஒரு கேள்வி அந்த ஆபத்தைத் தடுக்கும்.

சொல்வதிற் போலவே கேட்பதிலும் தாதிக்குத் திறமை வேண்டும். நோவைக் குறிக்க நம்மிடம் எத்தனை சொற்கள்! குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, இடி என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உணர்வைக் காட்டும். “நெஞ்செரிவு” என்று ஒருவர் சொன்னால், அது உணவு செரியாமையாகவும் இருக்கலாம். இருதய நோயாகவும் இருக்கலாம். எங்கே, எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகின்றதா, வியர்க்கின்றதா, மூச்சு முட்டுகின்றதா என்று பொறுமையோடு கேட்டறிதல் வேண்டும். 1860இல் லண்டனில் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், நோயாளி பேசும்போது அவர் பார்வையில் படும்படி அமர்ந்து கேட்க வேண்டும் என்றும், அறைவாயிலில் நின்று குசுகுசுத்தல் ஆகாது என்றும் வற்புறுத்தினார்.

நம் நாட்டில் தாதியின் மொழி ஒன்றும் நோயாளியின் மொழி மற்றொன்றுமாய் அமைவதும் உண்டு. அவ்வேளையில் கூடவந்த சிறுபிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது தகாது. தாயின் அந்தரங்க நோயைப் பிள்ளை எவ்வாறு எடுத்துரைக்கும்? 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தாமே தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அத்துணை உழைப்பு எல்லோராலும் இயலாது. எனினும், சிங்கள நோயாளியிடம் “ரிதெனவாத?” என்று கேட்கும் தமிழ்த் தாதியும், தமிழ் நோயாளியிடம் “நோகுதா?” என்று கேட்கும் சிங்களத் தாதியும் அந்த ஒரு சொல்லாலேயே பாதி அச்சத்தைப் போக்கிவிடுவர்.

நேயர்களே, பொறுப்பு முழுவதையும் தாதியர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. ஒரே விடுதியிற் பலரைப் பேணி, இரவும் பகலும் நின்று உழைப்பவர் அவர். நீங்களோ உங்கள் வீட்டாரோ வைத்தியசாலை செல்ல நேரும்போது, “விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று கேட்கத் தயங்காதீர்கள். “நான் விளங்கிக்கொண்டது இதுதான், சரியா?” என்று நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். அன்று மாலை என் தாயாரின் கட்டிலருகே நான் சொல்லத் தவறியது அவ்வளவுதான்.