தடவிப் பார்த்து வாங்கும் கண்ணாடி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிரிம்ஃபீல்டில் ஆண்டுக்கு மூன்று முறை பழம்பொருள் சந்தை கூடுகிறது. அங்கே கண்ணாடிக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் விவரமான ஆள் உடனே விலை கேட்கமாட்டார். முதலில் உட்புறத்தை விரலால் தடவுவார். வெளியே பூவேலை மேடும் பள்ளமுமாக இருக்க, உள்ளே வழவழவென்று இருந்தால், அது பெரும்பாலும் அச்சில் அழுத்திச் செய்தது. ஊதிச் செய்ததாக இருந்தால், வெளியே மேடுள்ள இடத்தில் உள்ளே குழி இருக்கும்.

உருகிய கண்ணாடியைக் கம்பி நுனியில் திரட்டி, இரும்பு அச்சுக்கு மேலே பிடித்து, வேண்டிய அளவைக் கத்தரியால் வெட்டி விழவிடுவார்கள். நெம்புகோலை இழுத்ததும் மேலிருந்து வழவழப்பான உலக்கை இறங்கி, கண்ணாடியை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தள்ளும். 1825-இல் டெமிங் ஜார்வ்ஸ் சாண்ட்விச் என்ற ஊரில் தொடங்கிய ஆலை இந்த முறைக்குப் பேர்பெற்றது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். சூடு குறைந்த இரும்பு பட்டதும் கண்ணாடியின் மேல்பரப்பு சுருங்கி மங்கிவிடும். அதை மறைக்க, அச்சு வெட்டியவர்கள் பின்புலம் முழுக்கப் பொடிப் புள்ளிகளை நிரப்பினார்கள். ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தைச் சிதறடிக்க, தட்டு முழுவதும் பின்னல் லேஸ் விரித்ததுபோல மினுங்கியது. குறையை மறைக்கப் போட்ட அந்தப் புள்ளிகள்தான் இக்கண்ணாடியின் பேரழகு என்பேன்.

அந்தக் காலக் கண்ணாடியில் ஈயம் கலந்திருந்தது. சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். 1864-இல் வீலிங் நகரில் வில்லியம் லெய்ட்டன் மலிவான சோடா-சுண்ணாம்புக் கலவையைச் செம்மைப்படுத்தினார். அதில் அந்த நாதம் இல்லை. விலை இறங்கியது, சாதாரண வீடுகளுக்கும் பூவேலைப் பாத்திரம் வந்துசேர்ந்தது.

1930களின் பெருமந்தத்தில் இயந்திரங்கள் இளஞ்சிவப்பு, பச்சைத் தட்டுகளைக் குவித்தன. ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாக வந்தன. சினிமா கொட்டகைகளிலும் கொடுத்தார்கள். வேலையிழந்த குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்கும் இப்படித்தான் வண்ணம் வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

மறுபதிப்புகளும் உண்டு. ஃபெடரல் நிறுவனம் 1930களில் செய்த ‘மட்ரிட்’ வடிவத்தை 1976-இல் மீண்டும் வெளியிட்டபோது, பூவேலைக்குள் ‘76’ என்று பொறித்தது. வாங்குமுன் அதைத் தேடுங்கள். அடிப்பாகத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பல வருடம் புழங்கிய தட்டில் கீறல்கள் பல திசையில், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஓடும், உப்புத்தாளால் தேய்த்ததில் ஒரே போக்கில் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கையால் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் மேல்பரப்பை அரித்து வெண்படலம் ஏற்றிவிடும்; அது தேய்த்தாலும் போகாது.