ஊசி இறங்கும் நேரத்து ஈரம்

விழுப்புரம் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை, பூப்பது வெளிச்சத்தில், காய்ப்பது இருட்டில். விடியலில் மலரும் மஞ்சள் பூ உச்சிவெயிலுக்குள் வாடிவிடும். அதற்குள் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருக்கும். சில நாளில் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு மண்ணை நோக்கி நீளும். விழுது என்பார்கள், ஊசி என்பார்கள். சூல் இருப்பது அந்த ஊசியின் நுனியில். மண்ணுக்குள் போன பிறகே அது காயாகப் பருக்கும்.

குறுகிய கால ரகங்கள் 25 நாளில் பூக்கத் தொடங்கும். 60 நாளுக்குப் பின் பூப்பவை, 105 நாளில் பிடுங்கும்போது முற்றியிருக்காது. முன்னால் பூத்தவற்றிலும் ஐந்தில் ஒன்று காயானாலே நல்ல விளைச்சல். ஆகவே பூக்கள் சீக்கிரமாகவும் சேர்ந்தாற்போலவும் வர வேண்டும். அதற்கு, முளைத்து வேர் பிடித்த செடியைப் பூக்கும் முன் கொஞ்ச நாள் காயப்போட்டுப் பிறகு தண்ணீர் கட்டுவது ஒரு உத்தி. குஜராத்தில் கோடைக் கடலைக்கு இப்படிச் செய்கிறார்கள். செடி வீண் தழை விடாது. தண்ணீர் கண்டதும் பூ கொத்தாக வரும். மணல் மிகுந்த செம்மண்ணில் மட்டும் இதை அளவோடுதான் செய்ய வேண்டும். அங்கே ஈரம் நிற்பதில்லை.

பூத்த பிறகு இந்த விளையாட்டெல்லாம் கூடாது. மேல்மண் இறுகிக் கிடந்தால் ஊசி நுழையாது, நுனி கருகிவிடும். நுழைந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு வேரிலிருந்து மேலேறி, நீராவி வெளியேறும் இலைகளுக்கே போய்ச் சேர்கிறது. புதைந்திருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவதில்லை. அதனால் வேர் எடுத்த சுண்ணாம்பு அதற்கு எட்டுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஓட்டின் வழியே அதுவே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். ஜிப்சம் கரைய மேல்மண்ணில் ஈரம் வேண்டும். ஆழத்து ஈரத்தில் செடி பச்சைப்பசேலென்று நிற்கும். கீழே காயெல்லாம் பொக்காகிக்கொண்டிருக்கும். இலையைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கடைசி வாரங்களில் கடும் வறட்சி வந்தால் காயில் பூஞ்சணம் ஏறி அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். ஈரம் மிஞ்சினாலோ, விதை உறக்கம் இல்லாத கொத்துக்கடலை மண்ணிலேயே முளைத்துவிடும். பிடுங்குவதற்கு முன் ஒரு லேசான தண்ணீர் போதும். அதுவும் இல்லாமல் காய்ந்த தரையில் இழுத்தால் காம்பு அறுந்து, காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் கடலை பொறுக்க வருகிற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.